எல்பே நதிக்குக் கிழக்கே ஆண்ட நிலப்பிரபுக்கள்

ஐரோப்பியச் சரித்திரம் படிப்போர் ‘யுங்கர்’ என்னும் சொல்லை அடிக்கடி காண்பர். ‘இளந்துரை’ என்பது அதன் மூலப்பொருள். ஜெர்மனியில் எல்பே நதிக்குக் கிழக்கே, பிராண்டன்பர்க், பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யா முதலிய பகுதிகளில் பெருநிலம் படைத்திருந்த பிரபுக்களை அது குறிக்கும். மேற்கே பிரபுக்களிற் பலர் நிலவரி வாங்கி வாழ்ந்தனர்; இவர்களோ தம் பண்ணையிலேயே தங்கி, குடியானவரைக் கட்டாய ஊழியம் செய்வித்து, ‘ரை’ என்னும் தானியத்தை விளைவித்து விற்றனர்.

இவர்தம் பலத்தை உறுதியாக்கியது 1653ஆம் ஆண்டின் உடன்படிக்கை. படை திரட்டப் பொருள் வேண்டிய பிராண்டன்பர்க் அதிபர் பிரெடரிக் வில்லியம், ஆறு ஆண்டுகளில் 5,30,000 தாலர் வரி தண்ட இவர்களுடைய இசைவைப் பெற்றார். கைம்மாறாக, குடியானவர்மீது இவர்களுக்கிருந்த அதிகாரத்தை ஒப்புக்கொண்டார். இசைந்தவர் பிரபுக்கள், வரியைச் சுமந்தவரோ குடியானவரும் நகரத்தாருமே. பின்னர்ப் படைத்தலைமையும் உயர் பதவிகளும் இக்குடும்பங்களை நாடி வந்தன. 1815இல் ஷோன்ஹவுசன் பண்ணையில் பிறந்த பிஸ்மார்க்கும் இவ்வகுப்பினரே.

1806இல் நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யா, மறு ஆண்டே குடியானவரின் அடிமைக்கட்டை நீக்க ஆணையிட்டது. ஆயினும் விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. 1811ஆம் ஆண்டு விதிப்படி, பரம்பரைப் பாத்தியதை உள்ளவர் தம் நிலத்தில் மூன்றிலொரு பங்கையும், இல்லாதவர் சரிபாதியையும் பிரபுவிடம் விட்டாலன்றி எஞ்சியது சொந்தமாகாது. 1816இல் சிறு குடியானவருக்கு அவ்வாய்ப்பும் மறுக்கப்பட்டது. பண்ணைகள் விரிந்தன, பலர் கூலியாட்களாயினர். அயல்நாட்டுத் தானியம் மலிந்தபோது, 1879இல் இறக்குமதிச் சுங்கம் பண்ணைகளைக் காத்தது. ரொட்டி வாங்கும் தொழிலாளி அதன் பளுவைத் தாங்கினான்.

1919ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பிரபுக்களின் தனிச் சலுகைகளை ஒழித்தது. நிலமோ அவர்களிடமே இருந்தது. 1945இல் ஓடர் நதிக்கு அப்பாலுள்ள பகுதிகள் போலந்துக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்றன. இப்பால் சோவியத் வசமிருந்த பகுதியில், 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் ஈட்டுத்தொகையின்றிப் பறிக்கப்பட்டு, நிலமற்றோருக்கும் அகதிகளுக்கும் பங்கிடப்பட்டன. ஆனால் 1960க்குள் அந்நிலங்களும் கூட்டுப்பண்ணைகளுக்குள் அடங்கின. 1990இல் ஜெர்மனி ஒன்றானபோதும் பழைய பறிமுதல் இரத்தாகவில்லை.

பிரபுக்களின் அதிகாரம் மறைந்தது உண்மையே. எனினும் 1653 முதல் 1960 வரை நிலம்பற்றி மேலிடத்தார் செய்த முடிவுகளில், ஏர் பிடித்தவனின் சம்மதத்தை எவரும் கேட்டிலர். அன்பர்களே, யுங்கர்களின் வரலாற்றில் நாம் சிந்திக்க வேண்டுவது இதுவேயாகும்.