நம்பர் 1 ஆக 10 வருடம்: சவுண்ட்கார்டன் பேண்டின் கணக்கு நமக்கு எதற்கு?

அமெரிக்காவின் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' 2025 நவம்பர் 8 அன்று சேர்த்துக்கொண்ட பெயர்களில் ஒன்று சவுண்ட்கார்டன். கிரஞ்ச் என்ற ராக் வகையைத் தொடங்கிவைத்த பேண்டுகளில் இதுவும் ஒன்று. இதன் கிட்டாரிஸ்ட் கிம் தாயிலின் பெற்றோர் கேரளத்திலிருந்து அமெரிக்கா போனவர்கள்.

"ராக் எல்லாம் நமக்கு செட் ஆகாது பாஸ்" என்று ஸ்க்ரோல் பண்ணிவிடாதீர்கள். ஒரு டீம் எப்படி வளருது, எப்படி உடையுது, செய்த வேலை கடைசியில் யாருக்குச் சொந்தம் என்ற மூன்று கேள்விக்கும் இந்தப் பேண்டின் கதையில் பதில் இருக்கு.

கிரஞ்ச் என்றால் என்ன?

1980களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உருவான இசை இது. பங்க் இசையின் கோபம், ஹெவி மெட்டலின் கனம், கரகரவென்று ஒலிக்கும் கிட்டார் மூன்றும் சேர்ந்தால் கிரஞ்ச். நிர்வாணா, பேர்ல் ஜாம், ஆலிஸ் இன் செயின்ஸ், சவுண்ட்கார்டன் ஆகிய நான்கும் இதன் பெரிய பெயர்கள். இதில் கடைசி இரண்டும் மெட்டல் பக்கம் அதிகம் சாய்ந்தவை.

அந்தக் கனம் எங்கிருந்து வருது? ஒன்று, 'டிராப் டி' ட்யூனிங். கிட்டாரின் ஆறாவது தந்தியை வழக்கமான அளவிலிருந்து ஒரு முழு ஸ்வரம் தளர்த்தி வைப்பார்கள். ஒலி ஆழமாகும். கீழ் ஸ்தாயியில் இருக்கும் மூன்று தந்திகளை ஒரே விரலால் அழுத்தி கனமான கார்டு வாசிக்கலாம்.

இரண்டு, தாளம். பெரும்பாலான ராக் பாடல்கள் 4 எண்ணிக்கையில் ஓடும். சவுண்ட்கார்டனின் 'ஸ்பூன்மேன்' பெரும்பகுதி 7 எண்ணிக்கை; 'மை வேவ்' பாட்டில் 5 எண்ணிக்கை வரும். மிஸ்ர சாபுவும் கண்ட சாபுவும் கேட்டுப் பழகிய காதுக்கு இது ஒன்றும் புதிதில்லை. அவர்கள் கர்நாடக சங்கீதத்திலிருந்து எடுத்தார்கள் என்று சொல்லவரவில்லை. தாளம் போட்டுக் கேட்டுப் பாருங்கள், எண்ணிக்கை பிடிபடும்.

மூலையில் இருக்கும் ஊரிலிருந்து எப்படி?

அப்போதைய சியாட்டில் இன்றைய ஐ.டி. தலைநகரம் இல்லை. நாட்டின் வடமேற்கு மூலை. டூர் போகும் பெரிய பேண்டுகள் பல சமயம் அந்த ஊரைத் தவிர்த்துவிடும். அதனால் உள்ளூர்ப் பசங்க ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்டி வளர்ந்தார்கள்.

நம்ம பக்கத்தில் இதற்கு இணையாக யோசிக்க ஓர் இடம் அந்தமான் நிக்கோபார். 2011 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 3.8 லட்சம் பேர். அதில் ஏறத்தாழ 15% பேருக்குத் தாய்மொழி தமிழ். சென்னையையும் போர்ட் பிளேரையும் (இப்போது ஸ்ரீ விஜய புரம்) இணைத்து, மற்ற தீவுகளுக்கும் போகும் சுமார் 2,300 கி.மீ. கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை இணையத்துக்கு சாட்டிலைட்டையே நம்பியிருந்தார்கள்.

கேபிள் வந்தால் பாட்டை உலகத்துக்கு அனுப்பலாம், சரி. ஆனால் ரிகர்சல் இடம், மேடை, டிக்கெட் வாங்கிக் கேட்க வரும் கூட்டம் இதையெல்லாம் கேபிள் கொண்டுவராது. சியாட்டிலில் அந்த இடத்தை நிரப்பியவற்றில் முக்கியமானது 'சப் பாப்' என்ற சின்ன உள்ளூர் லேபிள். 1987இல் சவுண்ட்கார்டனின் 'ஸ்க்ரீமிங் லைஃப்' இசைத்தட்டை வெளியிட்டது அதுதான். தீவிலோ தூத்துக்குடியிலோ பேண்ட் தொடங்குபவர்களுக்கு நெட் ஸ்பீடைவிடப் பெரிய சிக்கல் இந்த நடுக்கட்டமைப்பு.

டைம்லைன்

- 1984: கிறிஸ் கார்னெல், கிம் தாயில், ஹிரோ யமமோட்டோ மூவரும் தொடங்குகிறார்கள்.
- 1986: டிரம்மர் மேட் கேமரூன் சேர்கிறார்.
- 1988: முதல் முழு ஆல்பம் 'அல்ட்ராமெகா ஓகே'. கிராமி பரிந்துரை கிடைக்கிறது.
- 1989: பெரிய நிறுவனமான ஏ அண்ட் எம் வழியாக 'லவுடர் தேன் லவ்'. அதே ஆண்டு யமமோட்டோ விலகுகிறார்.
- 1990: பேஸ் கிட்டாருக்கு பென் ஷெப்பர்ட் வருகிறார்.
- 1991: 'பேட்மோட்டர்ஃபிங்கர்'.
- 1994: 'சூப்பர்அன்நோன்' நேரடியாக பில்போர்டு நம்பர் 1. அடுத்த ஆண்டு இரண்டு கிராமி.
- 1996: 'டவுன் ஆன் தி அப்சைட்'.
- 1997: பேண்ட் கலைகிறது.
- 2010: மீண்டும் சேர்கிறார்கள்.
- 2012: 'கிங் அனிமல்', ஆறாவது ஆல்பம்.
- 2017: கார்னெல் மறைவு.

கூட்டிப் பாருங்கள். 13 வருடம் சேர்ந்து, 13 வருடம் பிரிந்து, மறுபடியும் 7 வருடம் சேர்ந்து. 20 வருட வேலையில் 6 ஆல்பம். நம்பர் 1 வந்தது நான்காவது ஆல்பத்தில், பத்தாவது வருடத்தில். நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்து இரண்டே வாரத்தில் 'பேட்மோட்டர்ஃபிங்கர்' வெளியானதால், "கிரஞ்ச் அலையில் வந்தவர்கள்" என்று நினைக்கத் தோன்றும். பெரிய நிறுவனத்தின் வழியாக அவர்களின் ஆல்பம் அதற்கு இரண்டு வருடம் முன்பே வந்துவிட்டது.

2017இல் என்ன நடந்தது?

மே 17 அன்று டெட்ராய்ட்டில் கச்சேரி முடிந்த இரவில் கார்னெல் இறந்தார். வயது 52. தற்கொலை என்று மருத்துவப் பரிசோதகர் அறிவித்தார். மன அழுத்தத்தோடும் போதைப் பழக்கத்தோடும் போராடியதை அவர் பொதுவெளியில் பேசியிருக்கிறார். வெளியில் இருந்து பார்த்தால் டூர் நடந்துகொண்டிருந்தது, அரங்கில் ரசிகர்கள் இருந்தார்கள். வேலையில் நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர் உள்ளே நன்றாகத்தான் இருக்கிறார் என்று நாம் முடிவு கட்டிவிட முடியாது.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

கார்னெல் விட்டுச்சென்ற 7 வெளியாகாத பாடல்கள் யாருடையவை என்ற கேள்வி வழக்காக மாறியது. 2019 டிசம்பரில் அவர் மனைவி விக்கி கார்னெல் வழக்குத் தொடுத்தார். அவை கணவர் தனியாகச் செய்தவை என்பது அவர் வாதம். பேண்ட் சேர்ந்து உருவாக்கியவை என்பது மற்றவர்கள் வாதம். 2023 ஏப்ரலில்தான் சமரசம் அறிவிக்கப்பட்டது.

நண்பர்களோடு பேண்ட், யூடியூப் சேனல், ஸ்டார்ட்அப் எது தொடங்கினாலும் இதைக் கவனியுங்கள். யார் எழுதினார், யார் இசையமைத்தார், பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினாலோ இறந்தாலோ என்ன என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வையுங்கள். இந்தியாவில் பாடல் வரிக்கும் இசைக்கும் காப்புரிமை, படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கும். அவ்வளவு காலத்துக்கு "நம்ம பசங்கதானே" என்ற வாய்வார்த்தை தாங்காது.

ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலில் 1989இல் விலகிய யமமோட்டோவின் பெயரும் இருக்கிறது. 36 வருடம் கழித்தும் தொடக்கத்தில் யார் இருந்தார் என்ற பதிவு நிற்கிறது. உங்கள் டீமின் பதிவு எங்கே இருக்கு?

*மனச்சுமையாக இருந்தாலோ, யாரைப் பற்றியாவது கவலையாக இருந்தாலோ 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் உதவி மையத்தை அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம்.*