பின்பக்கத்து வரலாறு: தமிழ்ப் படக்கதைகளைத் தேடி

சோழபுரத்தில் சித்தப்பா வீட்டுத் தகரப் பெட்டியில் பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தன. வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்து, ராஜபாளையத்தில் கொடுத்துத் தைத்தவை. அதில் ஒரு தாளின் பின்பக்கத்தில் படக்கதையின் இரண்டு கட்டங்கள் தெரிந்தன. மூன்றாவது கட்டம் தையலுக்குள் போய்விட்டது. "அது எதுக்குடா, கதையைப் படி" என்றார் சித்தப்பா. தமிழ்ப் படக்கதையின் வரலாற்றைத் தேடுகிறவன் எதிர்கொள்ளும் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

எதைப் பைண்டு செய்வது, எதை எடைக்குப் போடுவது என்பது வெறும் இடவசதி சார்ந்த விஷயமல்ல. அது ஒரு மதிப்பீடு. தொடர்கதை பாதுகாக்கப்பட்டது. படக்கதை பலசரக்குக் கடையில் பொட்டலமாயிற்று. நூலகங்களின் வழக்கமும் பெரும்பாலும் இப்படித்தான்: மாத இதழைத் தைத்து வைப்பார்கள், நாளிதழைக் கழித்துவிடுவார்கள். படக்கதை நீண்ட ஆயுளோடு வாழ்ந்ததோ நாளிதழில். ஆக, அதிகம் பேர் படித்ததே குறைவாகப் பாதுகாக்கப்பட்டது.

1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி'யில் 1960 முதல் 'கன்னித்தீவு' வந்தது. மூசா என்னும் மந்திரவாதி லைலாவைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிவிட, அவளைத் தூக்கிக்கொண்டு சிந்துபாத் அலைகிறான். முடியாத எதையும் "கன்னித்தீவு மாதிரி போய்க்கிட்டே இருக்கு" என்கிறோம். பேச்சுமொழிக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கிய ஒரு பிரதிக்கு நம் இலக்கிய வரலாறுகளில் ஒரு பத்திகூட இல்லாதது தற்செயல் அல்ல. 1906 முதல் பாரதி 'இந்தியா'வில் வெளியிட்ட கருத்துப்படங்களைப் பற்றிப் பேசுகிறோம். 1930களின் 'ஆனந்த விகடன்' மாலியைப் பற்றியும் பேசுகிறோம். முன்னதற்கு தேசியம் துணை, பின்னதற்கு நடுத்தர வர்க்கத்து நகைச்சுவை. டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்ட சிந்துபாத்துக்கு அப்படி ஒரு துணை வாய்க்கவில்லை.

எங்கள் வட்டாரத்துக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. 1972-இல் 'முத்து காமிக்ஸ்' இரும்புக்கை மாயாவியோடு வந்தது சிவகாசியிலிருந்து. 1984-இல் 'லயன் காமிக்ஸ்' வந்ததும் அங்கிருந்துதான். சென்னை அல்ல, தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்த ஊர். இரும்புக்கை மாயாவி 1962-இல் லண்டன் வார இதழ் 'வேலியன்ட்'டில் பிறந்தவன். வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்த இதழ்களில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. அங்கேயே பெயர் இழந்த உழைப்பு இங்கே தமிழ் பேசியது.

சரி, எப்படித் தேடுவது? முதலில், பின்பக்கத்தைப் பாருங்கள். பைண்டு செய்தவர் வேண்டாமென்று விட்டது அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். தேதி கிழிந்துபோயிருந்தால் பக்கத்திலிருக்கும் சினிமா விளம்பரம் உதவும். படம் வெளியான ஆண்டு தெரிந்தால் தாளின் ஆண்டு தெரியும். கன்னித்தீவில் தொடர் எண்ணே காலண்டர். விடுமுறை போக ஆண்டுக்கு ஏறத்தாழ 360 இதழ்கள் என்று கொண்டால், 5000 என்ற எண் போட்ட துண்டு 1974-75 வாக்கில் வந்தது என்று கணிக்கலாம். அப்புறம் பொது ஆவணங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்ததை வைத்து 1994-இல் உருவான நூலகம் சென்னையில் இருக்கிறது. 'குப்பை' என்று பிறர் ஒதுக்கிய அச்சுத்தாள்களையும் அவர் சேர்த்தார் என்பதால்தான் இன்று நமக்குக் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறது.

ஆனால் தாள் மட்டும் போதாது. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய என் பெரியம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. "படத்தைப் பாத்து கதையை ஊகிச்சுக்குவேன், அப்புறம் எழுத்தைக் கூட்டிப் பாப்பேன், சரியா இருக்கும்" என்றார். 1990களின் அறிவொளி இயக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு பெண் தனக்குத் தானே எழுத்தறிவித்துக்கொண்ட கதை இது. எந்தப் புள்ளிவிவரத்திலும் இது பதிவாகவில்லை. எந்த நூலகத்தின் பைண்டு வால்யூமிலும் இது கிடைக்காது. படக்கதையின் வரலாறு என்று நான் சொல்வது ஓவியர், ஆசிரியர், பதிப்பாளர் பட்டியலை அல்ல. இப்படி வாசித்தவர்களின் வரலாற்றை. எழுத்தாளர்கள் 'தரமான வாசகர்' என்று யாரைக் கற்பனை செய்கிறோமோ, அந்தக் கற்பனையை இது கொஞ்சம் அசைக்கும்.

1960-இல் பத்து வயதாயிருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. தாளைப் போலவே அவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெரியம்மாவிடம் இன்னும் கேட்டிருக்கலாம், கேட்காமல் விட்டேன். உங்கள் தெருவில் மில் வேலைக்குப் போனவர், பெட்டி ஒட்டியவர், பீடி சுற்றியவர் யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள்: முதலில் எதைப் படித்தீர்கள்? யார் படித்துக் காட்டினார்கள்? பழைய பேப்பர்க்காரர் வாசலில் நிற்கும்போது தராசில் வைக்குமுன் ஒருமுறை தாளைத் திருப்பியும் பாருங்கள்.