உங்களுக்குத் தெரியுமா? மாடிப்படிச் சந்தும் கொஞ்சம் இழுபட வேண்டும்!

வடசென்னை ராயபுரத்துப் பழைய வீடுகளில் மாடிப்படியும் சுவரும் சேருமிடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வொயிட் சிமென்ட் குழைத்து அதை அடைத்துவிடுவோம். சித்திரை வெயில் வந்ததும் அதே கோடு அதே இடத்தில் எட்டிப் பார்க்கும். உடனே கொத்தனாரைத் திட்டுவோம். பாவம், அவர் என்ன செய்வார்? படி அசைகிறது! படியும் சுவரும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு பொருளால் கட்டப்பட்டவை. வெயிலில் இரண்டும் ஒரே அளவு நீளாது. ஆள் ஏறினால் படி இம்மியளவு தாழும், சுவர் தாழாது. அந்த இடத்தில் சிமென்ட், எம்-சீல், வால் பட்டி என்று இறுகிப்போகும் எதை அடைத்தாலும் உடையத்தான் செய்யும். அங்கே தேவை, காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி இழுபடும் சீலன்ட்.

●

எவ்வளவு அசையும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருவொற்றியூர்ப் பக்கம் உள்ளே இடமில்லாத வீடுகளுக்கு வெளியே இரும்புப் படி வைப்பது சகஜம். 3 மீட்டர் நீளமுள்ள இரும்பு, விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளும். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். ஆனால் சந்தின் அகலமே 2 மி.மீ. என்றால் அதில் பாதி! சீலன்ட்களுக்கு ‘கிளாஸ் 25’ என்று ஒரு தரம் உண்டு. சந்தின் அகலத்தில் 25 சதவீதம் வரை விரிந்தாலும் சுருங்கினாலும் பசை தாங்கும் என்பது அதன் பொருள். அந்தப் பசைகூட 2 மி.மீ. சந்தில் கிழிந்துவிடும், 4 மி.மீ. சந்தில் ஒருவழியாகத் தாக்குப்பிடிக்கும், 6 மி.மீ. என்றால் கவலையே இல்லை. ஆக, சந்து சின்னதாக இருப்பது நல்லதல்ல. விவரமான மேஸ்திரி முதலில் கட்டர் வைத்துச் சந்தைக் கொஞ்சம் அகலப்படுத்துவார். வீட்டுக்காரர் பதறுவார். பதற வேண்டாம்.

●

இரும்பும் கான்கிரீட்டும் சூட்டில் ஏறத்தாழ ஒரே அளவுதான் நீளும். கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டி வீடு எழுப்ப முடிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அலுமினியம் அதைப்போல் இரண்டு மடங்கு நீளும். படியின் விளிம்பில் வழுக்காமலிருக்கப் பதிக்கும் அலுமினியப் பட்டை, மொட்டைவெயில் படுமிடத்தில் சிமென்ட்டை விட்டுத் தூக்கிக்கொள்வது இதனால்தான்.

●

சந்தை இழுபட விடும் சூட்சுமம் ராயபுரத்துக்குப் புதிதல்ல. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் கரையைவிட்டுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணியே கிடையாது! பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, சேருமிடத்தில் தேங்காய் நார் திணித்து, அதன்மேல் கயிற்றை ஓட்டித் தைத்துவிடுவார்கள். ஆணியடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் தரைதட்டினால் பிளந்துபோகும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும். தண்ணீர் கொஞ்சம் கசியத்தான் செய்யும்; ஒரு ஆள் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே வருவான். கயிறு தளர்ந்தால் பிரித்து மறுபடி தைப்பார்கள். ராயபுரம் புனித பேதுரு ஆலயத்தை 1829இல் எழுப்பியவர்கள் இந்தப் படகோட்டிச் சமூகத்தார்தான். மரப்படகின் சந்தில் பஞ்சோ நாரோ திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் பூசி அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். காசிமேட்டில் ஃபைபர் படகுகள் வந்தபிறகு அந்த வேலையைப் பார்ப்பது குறைந்துவிட்டது.

●

கடையில் போய் ‘சிலிக்கான் ஒரு டியூப்’ என்றால், பெரும்பாலும் கைக்கு வருவது பிழிந்தவுடன் வினிகர் வாடையடிக்கும் ரகம். கண்ணாடிக்கும் பாத்ரூம் டைல்ஸுக்கும் அது அருமையான சரக்கு. படிக்கட்டுக்கு வேண்டாம். அதிலிருந்து வெளியேறும் அசிட்டிக் அமிலம் இரும்புக் கைப்பிடியின் அடிப்பாகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். சிமென்ட்டில் சரியாகப் பிடிக்காது. மார்பிளில் கறை விழும். ஏற்கெனவே உப்புக்காற்றில் வதங்கும் கம்பிக்கு அமிலத்தையும் நாமே ஊட்ட வேண்டுமா? ‘நியூட்ரல்’ என்று போட்ட சிலிக்கானில் இந்த அமிலத் தொல்லை இல்லை. ஆனால் எந்த சிலிக்கான் மேலும் பெயின்ட் நிற்காது, உருண்டு ஓடிவிடும். சுவரோரம் பூசிவிட்டுப் பிறகு வெள்ளையடிக்க வந்த பெயின்டரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவர்களைக் கேளுங்கள்.

வீட்டுக்குள்ளே, மழை படாத சந்துக்கு அக்ரிலிக் சீலன்ட் போதும். விலை குறைவு, தண்ணீரில் கையைக் கழுவலாம், மேலே பெயின்ட் அடிக்கலாம். காயும்போது சற்றுச் சுருங்கும், இழுபடும் சக்தியும் மட்டுதான். வெளிப்படிக்கும், கான்கிரீட்டும் இரும்பும் சேருமிடத்துக்கும் பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன்தான் என் தேர்வு. பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும், பெயின்ட்டையும் ஏற்கும். வெள்ளை நிறத்தில் வாங்காதீர்கள், வெயிலில் பழுப்பேறிவிடும். சாம்பல் நிறம் கிடைக்கும்; சிமென்ட் படிக்கு அதுவே பொருத்தம். எதுவாக இருந்தாலும் கால் பதியும் பரப்பில் பூச வேண்டாம். மூலையில் மட்டும்.

●

மூன்று பக்கமும் ஒட்டினால் சீலன்ட் கிழியும், இரண்டு பக்கம் மட்டும் ஒட்டினால் நீடிக்கும்! ஆழமான சந்தில் அடிவரை பசையைப் பிழிந்து நிரப்புவது தாராள மனசு மாதிரி தெரியும். ஆனால் பசை அடித்தரையிலும் ஒட்டிக்கொண்டால் அது இழுபட வழியில்லாமல் ஓரத்தில் பிய்ந்துவிடும். அதனால் முதலில் பேக்கர் ராட் என்ற நுரைக்கயிறைச் சந்துக்குள் திணிப்பார்கள். அதில் பசை ஒட்டாது. அதன்மேல் பூசும் பசையின் ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் நலம், 12 மி.மீ. அகலத்துக்கு 6 மி.மீ. ஆழம். பசையும் மிச்சம்.

●

எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனத்தின் தொடக்கம் திருவொற்றியூரில்தான். 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் செய்ய ஆரம்பித்தது பொம்மை பலூன்! இழுத்தால் நீளும் பொருளுக்கு இந்தப் பக்கம் என்றும் கிராக்கிதான்.

●

அடைக்கவே கூடாத விரிசலும் உண்டு. கீழே நின்று படியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். விரிசல் கம்பி போன திசையிலேயே நேராக ஓடுகிறதா? பழுப்புக் கறை கசிகிறதா? சுத்தியால் மெல்லத் தட்டினால் ‘டொப் டொப்’ என்று பொள்ளல் சத்தம் வருகிறதா? அப்படியானால் உள்ளே கம்பி துருவேறுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளக்கிறது. இதன்மேல் சீலன்ட் பூசுவது, புண்ணை ஆற்றாமல் மூடிவைப்பதுதான். சிதைந்த சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, மறுபடி பூச வேண்டும். அதற்கு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கடலோரக் கட்டடங்களுக்குக் கம்பியின் மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு (2000). பழைய மாடிப்படிகளில் அதில் பாதி இருந்தாலே அதிசயம். போதாக்குறைக்குக் கடலும் கிட்டே வந்துவிட்டது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வந்தபின், வடக்கே நகரும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. மணல் வராத ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிபட்டன. அலையின் துளி இப்போது கருங்கல் தடுப்பைத் தாண்டித் தெருவரை தெறிக்கிறது.

●

எண்ணூரில் வேலை இன்னும் கடினம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் முகத்துவாரத்தையும் படகுகளையும் வீடுகளையும் கறுப்பாக்கியது நினைவிருக்கும். எண்ணெய் படிந்த சுவரில் எந்த சீலன்ட்டும் ஒட்டாது. சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பிறகு தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கறுப்பு போகும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயைப் பரப்பியதாகத்தான் ஆகும். சாம்பல் தூசியும் அப்படித்தான், பசை சுவருக்குப் பதில் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

●

தேக்குப் படி கிறீச்சிடுகிறதா? டியூப் வாங்கி ஓட வேண்டாம். சத்தம் வருவது பலகை தளர்ந்து உரசுவதால். ஆப்போ திருகாணியோதான் மருந்து. தேக்குப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்துக்கு மட்டும் சீலன்ட் சரி. மரம் நீளவாட்டில் அவ்வளவாக மாறாது; அகலவாட்டில்தான் ஐப்பசி மழைக்கு ஊதி, அக்னி நட்சத்திரத்துக்குச் சுருங்கும்.

●

ஐப்பசி மழைக்காற்றில் சிலிக்கானும் பி.யூ.வும் சீக்கிரம் இறுகும், அக்ரிலிக் தாமதமாகும்! முதல் இரண்டும் காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகுகின்றன. அக்ரிலிக்கோ தன்னிடமுள்ள தண்ணீரை வெளியே விட வேண்டும். ஆனால் பூசும் இடம் ஈரமாக இருந்தால் மூன்றும் ஒட்டாது.

காற்றின் ஈரத்தில் இறுகும் இதே குணத்தால், மூடி சரியில்லாத டியூப் கடையிலேயே கல்லாகிவிடும். தகரக்கூரைக் கடையில் வெயில் தின்ற டியூபும் அப்படித்தான். காசு கொடுக்குமுன் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்; பல சரக்குகளுக்கு ஆயுள் ஓராண்டுதான். டியூபை லேசாக அமுக்கிப் பாருங்கள், கொழகொழவென்று அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால், ‘நேத்துதான் சார் வந்துச்சு’ என்று கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.