வியாபார உறவும் நாணயமும்

முதல் போதுமான அளவு இருந்தால் தொழில் தானே தழைத்துவிடும் என்று சிறுதொழில் நடத்துவோர் பலர் எண்ணுகின்றனர். முதல் வேண்டியதுதான். ஆயினும், விளைவிப்பவர், செய்பவர், வாங்குபவர் ஆகிய மூவரிடையே நம்பிக்கை நிலவாத தொழில் நெடுநாள் நிலைப்பதில்லை. அந்த நம்பிக்கை எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது சேலம், நாமக்கல் சமவெளியின் ஜவ்வரிசித் தொழிலே அதற்குத் தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டது. 1943ஆம் ஆண்டில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவருடன் கூடி, மரவள்ளிக் கிழங்கிலிருந்து இங்கேயே ஜவ்வரிசி செய்யத் தலைப்பட்டார். ஒருவரிடம் உள்ளூர் வியாபார அனுபவமும் மற்றவரிடம் தொழிலறிவும் இருந்தன. வெங்கடாசலக் கவுண்டர் என்னும் இயந்திர வல்லுநர் இயந்திரங்களைத் திருத்தியமைத்து உதவினார். தனித்தனியே ஆகாத காரியம், கூடியதால் கைகூடிற்று.

ஆலைகள் பெருகின, இடர்களும் பெருகின. நம் பக்கத்தார் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளி, பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும் பொருள். ஆலை வாசல்வரை அதைக் கொண்டுவந்த குடியானவர், விலை கட்டவில்லையென்று திரும்பிப் போக இயலாது. ஆலையுடையவர் நிலையும் அதனினும் மேலன்று. பருவத்தில் கிழங்கு வாங்கக் கைப்பணம் வேண்டும். ஆன சரக்கை இருப்பு வைக்கக் கிடங்கு வேண்டும். இரண்டும் இல்லாதவர் வியாபாரியிடம் முன்பணம் பெற்று, அவர் சொன்ன விலைக்கே விற்க நேர்ந்தது. நூலைக் கடனாகப் பெற்று, நெய்த துணியை அவ்விடத்திலேயே கொடுத்துத் தீரவேண்டிய நெசவாளருக்கு இந்நிலையை நாம் விளக்க வேண்டியதில்லை. இது உறவன்று, கட்டுண்டு கிடத்தலே.

இக்கட்டினை அவிழ்க்கவே, ‘சேகோசர்வ்’ என வழங்கும் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 1981ஆம் ஆண்டில் சேலத்தில் தோன்றியது. உறுப்பினரின் சரக்கு சங்கக் கிடங்கில் வைக்கப்பெறுகிறது. அதன்மேல் முன்பணம் கிடைக்கிறது. மாதிரி ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பெறுகிறது. பின்னர் வியாபாரிகள் ரகசிய டெண்டர் மூலம் விலை குறிக்கின்றனர். இம்முறையில் வியாபாரி பகைவராக ஒதுக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. தரம் அறிந்து வாங்கும் வசதி அவருக்கும் கிட்டியது. அவசரத்திற்கு விற்கும் துன்பம் ஆலையுடையவருக்குக் குறைந்தது. இருபுறமும் நன்மை கண்ட உறவே நிலைக்கும்.

ஆயினும், சங்கம் இருப்பதனாலேயே நாணயம் வந்துவிடாது. மக்காச்சோள மாவைக் கலந்தும், ரசாயனம் இட்டு வெளுத்தும் விற்ற சிலரால் தொழில் முழுவதற்கும் கெட்ட பெயர் நேர்ந்ததுண்டு. ஒருவர் மூட்டையில் செய்த வஞ்சகம் நேர்மையாளரின் விலையையும் இறக்கிவிடும். 2023ஆம் ஆண்டில் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயர் நம் அனைவர்க்கும் பொதுச் சொத்து. அதைக் காப்பதும் அனைவர் கடமை.

கிழங்கு வாங்கும் இடத்திலும் இதுவே நியதி. மாவுச்சத்தைக் குறிக்கும் ‘பாயிண்ட்’ கணக்கில் கிழங்குக்கு விலை தரப்படுகிறது. குடியானவர் கண்முன்னே அந்த அளவைப் பார்த்துச் சொல்லி, சொன்ன நாளில் பணம் தரும் ஆலைக்கு மறு ஆண்டும் கிழங்கு தானே வந்து சேரும். மறைவில் அளப்பவர் ஒரு பருவம் லாபம் காணலாம். மறு பருவம் ஆள் தேடி அலைய வேண்டியதுதான்.

உறுப்பினர் ஒவ்வொருவரும் மேற்கொள்ளத்தக்கவை சிலவே. காட்டிய மாதிரிப்படியே சரக்கு அனுப்புக. சேலையின் நீளமும் சாயத்தின் உறுதியும் சொன்னபடி இருக்கட்டும். தவணை தவறும் என்று தெரிந்தால், கேட்குமுன்னரே சொல்லிவிடுக. கொடுக்கல் வாங்கலை, உற்றாரிடத்தும் எழுத்தில் வைத்திடுக. கணக்கு தெளிவாயிருக்கும் இடத்தில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. மனத்தாங்கல் இல்லாத இடத்திற்கு வாங்க வந்தவர் மீண்டும் வருவார்.