மாமாவின் அம்பாசடரும் என் மியாட்டாவும்

சென்ற பொங்கல் விழாவில் என் மாஸ்டா மியாட்டாவைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதற்கும் நம்மூர் அம்பாசடருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" என்று கேட்டுச் சிரித்தார். உண்டு. இரண்டையும் மலைப்பாதையில் ஓட்டியவன் என்ற ஒரே தகுதியில் அதை எழுதுகிறேன்.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. அவர் வீடு ஆனைகட்டியில், கேரள எல்லைக்குள், அட்டப்பாடிப் பக்கம். கோவையிலிருந்து தடாகம் வழியாகச் சுமார் 30 கி.மீ.; மாங்கரைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஏற்றம். அவரிடம் இருந்தது மார்க் 3 அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரான குடும்பத்தைச் சேர்ந்தது.

இரண்டு வண்டிகளிலும் எஞ்சின் முன்னால்; தள்ளுவது பின் சக்கரங்கள்; கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். எடையும் இரண்டுக்கும் ஏறக்குறைய 1,100 கிலோ! கணக்குப் பார்த்தபோது நானே நம்பவில்லை. ஆனால் அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சின் தந்தது சுமார் 50 குதிரைத்திறன். மியாட்டாவின் 2 லிட்டர் எஞ்சின் தருவது 181.

அடுத்த வித்தியாசம் சக்கரங்களைத் தாங்கும் முறையில். அம்பாசடரின் இரு பின் சக்கரங்களும் ஒரே கனத்த அச்சில், பட்டை வில்களின் மேல் நிற்பவை. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சேர்ந்து ஆடும். வளைவில் அது குறை. ஆனால் எட்டுப் பேரும் இரண்டு அரிசி மூட்டையும் ஏறினாலும் அந்த வில்கள் முனகாது. மியாட்டாவில் நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேடுபள்ளத்தைச் சமாளிக்கும். தரையை ஒட்டிய உயரம் வேறு. டென்னசி மாநிலத்தில் 11 மைலில் 318 வளைவுகள் கொண்ட 'டெயில் ஆஃப் தி டிராகன்' சாலையில் அது சாலையைப் பிடித்துக்கொண்டு போகும் அழகே தனி. ஆனைகட்டியில் அதில் போய் யானை எதிர்ப்பட்டால் முழங்காலைத்தான் பார்க்கலாம்!

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1988இல் ஒரு நள்ளிரவு, பிரசவ வலி கண்ட பெண்ணைப் பின் இருக்கையில் படுக்க வைத்து, கோவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஓட்டியவன் நான். அவசரத்தில் மூன்றாவது கியரிலேயே, பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கினேன். கருகல் வாடை வந்தது. மிதி முன்போல் அழுத்தினாலும் வண்டி அடங்கவில்லை.

"கண்ணு, ரெண்டாவதுல போடு. எஞ்சின் புடிச்சுக்கும்" என்றார் மாமா. போட்டேன், வேகம் குறைந்தது. குழந்தை கோவையில் சுகமாகப் பிறந்தது.

தவறு என்னுடையது. காரணம் இதுதான்: டிரம் பிரேக்கில் உருளைக்குள் இருக்கும் ஷூக்கள் வெளிப்புறமாக விரிந்து அதன் உள்சுவரை உரசுகின்றன. தொடர்ந்து உரசினால் சூடு எளிதில் வெளியேறாது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூவின் பூச்சும் பிடிப்பை இழக்கும். டிஸ்க் பிரேக்கில் தட்டு காற்றில் திறந்து கிடக்கிறது, இருபுறமும் பேட்கள் கவ்வுகின்றன. சூடு சீக்கிரம் ஆறும். மியாட்டாவில் நான்கிலும் டிஸ்க். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும், காற்றுப் பைகளும் உண்டு. அன்று எங்களிடம் இருக்கைப் பட்டைகூட இல்லை. பழைய வண்டிதான் உறுதி என்று நம்மவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தகடு கனமாக இருப்பது வேறு, உள்ளே இருப்பவரைக் காப்பது வேறு.

ஆனால் மாமா இங்கு வந்திருந்தபோது மியாட்டாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "ஆளைப் படுக்க வைக்க இடம் எங்கே கண்ணு?" என்னிடம் பதில் இல்லை.

மாமா இப்போது இல்லை. அவர் மகன் ஞாயிறுதோறும் அம்பாசடரை ஸ்டார்ட் செய்து வைக்கிறான். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது பிரேக் ஷூக்களை மாற்றிவிட்டுத்தான் மாங்கரை இறக்கத்தில் அதை எடுப்பேன்.