திரைக்குள் ஒரு டீக்கடை

வீட்டிலிருந்து வேலை சரி. அரட்டைக்கு என்ன வழி?

மாலை 4 மணி. பெங்களூர் ஐ.டி. வளாகங்களின் கேட்டுக்கு வெளியே டீக்கடைகளில் கூட்டம் மொய்க்கும் நேரம். கிரிக்கெட், வீட்டு வாடகை, அப்ரைசல், யார் வேலையை விடப்போகிறார் என்ற வதந்தி. எல்லாம் மேலதிகாரி காதில் விழாத பேச்சு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கம்ப்யூட்டர்கள் ஊழியர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. டீக்கடை போகவில்லை.

அதைத் திரையில் கட்டியெழுப்ப நிறுவனங்கள் மெனக்கெட்டன. வெள்ளிக்கிழமை மாலைகளில் வீடியோவில் அந்தாக்ஷரி, தம்போலா. அறிமுகமில்லாத இரு ஊழியர்களைக் குலுக்கல் முறையில் ஜோடி சேர்த்து அரட்டையடிக்க வைக்கிறது 'டோநட்' என்ற செயலி. 'கேதர்' இன்னும் ஒரு படி மேல்: வீடியோ கேம் போல ஓர் அலுவலகம், உங்கள் பொம்மை இன்னொருவரின் பொம்மையை நெருங்கினால் அவர் குரல் கேட்கும், விலகினால் தேயும்.

ஆசை புதிதல்ல. ஜெராக்ஸ் நிறுவனம் 1980களின் நடுவிலேயே அமெரிக்காவில் பாலோ ஆல்டோ, போர்ட்லண்ட் நகரங்களில் இருந்த தன் ஆய்வாளர்களை இரவு பகலாக வீடியோவில் இணைத்து வைத்தது. கூட்டம் நடத்த மட்டுமல்ல, எதிர்ப்பட்டால் இரண்டு வார்த்தை பேசவும்தான்.

போனது வெறும் அரட்டை அல்ல. மைக்ரோசாப்ட்டின் அமெரிக்க ஊழியர்கள் சுமார் 61,000 பேரின் தகவல் தொடர்புகளை அலசி 2021இல் வெளியான ஆய்வு, வீட்டிலிருந்து வேலை செய்ததில் குழுக்கள் தங்களுக்குள் இறுகிக்கொண்டதையும் பிற குழுக்களுடன் ஒட்டுறவு குறைந்ததையும் காட்டியது. பழைய ஆட்கள் சமாளிப்பார்கள். லேப்டாப் கூரியரில் வர, ராஞ்சியிலோ கட்டாக்கிலோ தன் அறையில் முதல் வேலையைத் தொடங்கியவர் என்ன செய்வார்? எதை யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது என்பதெல்லாம் டம்ளரும் கையுமாக நிற்கும்போது தெரிந்துகொள்ளும் சங்கதிகள்.

திரை அரட்டையின் கோளாறு தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. டீக்கடையில் ஆறு பேர் நின்றால் மூன்று பேச்சு நடக்கும். வீடியோவில் ஒருவர் பேச, ஐந்து பேர் மௌனம். தவிர, கம்பெனி கொடுத்த லேப்டாப்பில், கம்பெனி ஏற்பாடு செய்த அரட்டையில், அப்ரைசலைத் திட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? உண்மையான பேச்சு, மேலதிகாரி இல்லாத வாட்ஸப் குழுக்களுக்கு இடம்பெயர்ந்தது.

2025க்குள் 25 சதவீத ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020இல் அறிவித்த டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், 2023 அக்டோபரில் அவர்களை வாரம் ஐந்து நாளும் திரும்ப அழைத்தது. மற்ற நிறுவனங்களும் அழைத்தன. திரும்பியவர்களில் குழு புனேயிலும் ஹைதராபாத்திலும் சிதறிக் கிடப்பவர்கள், இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்து வந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அதே வீடியோ கூட்டத்தில் உட்காருகிறார்கள். 4 மணி டீ, முன்பின் தெரியாதவர்களுடன்.