மூன்று பாஷைகளில் பெண்

ஓசூர் வீதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கின்றன. பெண் வந்தால் தமிழில் ‘வந்தாள்’, கன்னடத்தில் ‘பந்தளு’, தெலுங்கிலோ ‘வச்சிந்தி’. வண்டி வந்தாலும் தெலுங்கில் அதுவே! இதுகொண்டு அப்பாஷையைப் பழிப்பது பேதைமை. பன்மையில் பெண்டிர் ஆடவரோடு சேர்ந்து ‘வச்சாரு’ ஆகின்றனர். வண்டிகள் ‘வச்சாயி’ எனப் பிரிந்துவிடுகின்றன.

இங்கிலீஷின் நீதி யாது? 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் ஆலைப் பெண்ணும் ‘ஒர்க்மன்’தான், 2020இல் இயற்றப்பட்ட தொழில் உறவுத் தொகுப்பே ‘ஒர்க்கர்’ என்றது. நமது ‘தொழிலாளி’யோ முன்னமே இருபாலுக்கும் பொது.

ஆயினும், இன்று ஓசூர் ஆலைகளில் பெண்கள் திரளாக உழைக்கையில், மேற்பார்வையாளர் ‘வந்தார்’, தொழிலாளிப் பெண் ‘வந்தாள்’ என்று நாம் எழுதுவதேன்? ‘ஆர்’ விகுதியை அவளுக்கும் அளிப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?